குடிக்கு மருந்து தேடினோம்

என் வீட்டுக்காரர் குடித்த காலத்தில் பதுளைக் கடைவீதியில் அதை அறியாதவர் ஒருவரும் கிடையாது. நான்தான் அதை யாருக்கும் தெரியாமல் மூடி மறைத்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களுடையது துணியும் கம்பளியும் விற்கிற கடை. சம்பளம் எடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் பசறைப் பக்கமிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் தோட்டத்துச் சனங்கள் நடந்தே வந்து சேலையும் குளிருக்குக் கம்பளியும் எடுத்துப் போவார்கள். அவர் கத்தரிக்கோல் பிடித்தால் துணி நூல் பிடித்தாற்போல வரும் என்று பேர் வாங்கியவர். பிறகு அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. விடிந்ததும் தவறணைக்குப் போய் ஒரு வாய் சாராயம் ஊற்றிக்கொண்டு வந்தால்தான் கத்தரி சொன்ன பேச்சைக் கேட்கும். தவறணை, அதாவது சர்க்கார் குத்தகைக்கு விட்ட சாராயக்கடை, எங்கள் கடை வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில் இருந்தது.

நான் அவரோடு சண்டை போடாத நாள் இல்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் தாய்வீட்டிலேயே சொல்வார்கள். என் சண்டையால் அவர் குடி ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டு வந்து அடிக்கிற மனிதர் இல்லை அவர். வந்து ஓரமாக உட்கார்ந்து, எங்கள் இரண்டு பெண் பிள்ளைகளையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார். அடித்தால்கூட ஊரைக் கூட்டலாம். சிரிக்கிற மனிதரை என்ன செய்வது?

ஒருநாள் காலையில், கடை திறந்த கையோடு, புதிதாக வந்திறங்கிய கம்பளிக் கட்டின்மேல் இரத்தமாக வாந்தி எடுத்தார். மாட்டுவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே இருந்த பெரிய டொக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஈரல் வீங்கியிருக்கிறது, இனிமேலும் குடித்தால் ஆள் தேறமாட்டார் என்று சொன்னார். எப்படி நிறுத்துவது என்று கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அந்த வார்டு முழுக்கக் காய்ச்சல்காரர்கள் கிடந்தார்கள்.

சில நாள் கழித்து வீடு திரும்புகிற வழியில், வண்டிக்குள் அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"எனக்குச் சாகப் பயமா இருக்கு. ஆனா நாளைக்குக் காலையில நான் அங்கதான் போவேன். அதுவும் எனக்குத் தெரியுது. நீ ஏதாச்சும் பண்ணு."

"குடிச்சது நீங்க, பண்றது நானா?" என்று எரிந்து விழுந்தேன். வண்டிக்காரன் காதில் விழாத மாதிரி மாட்டை ஓட்டினான். அப்புறம் எனக்கே அழுகை வந்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் எதையும் கேட்டது கிடையாது. முதன்முதலாகக் கேட்டது தன் உயிரை.

குடியை நிறுத்த வைக்கிறவர் யார் என்று விசாரிக்கத் தொடங்கியதும் ஊரே வைத்தியராகிவிட்டது. கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் ஆளைத் தெரிந்திருந்தது. ஒருவர் எலுமிச்சம்பழம் என்றார், ஒருவர் பிரயாணம் போய்க் கதிர்காமத்தில் மொட்டை போடச் சொன்னார். யாரை நம்புவது என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? துணி என்றால் கையில் கசக்கிப் பார்த்துச் சாயம் போகுமா, போகாதா என்று சொல்லிவிடுவேன். வைத்தியரைக் கசக்கிப் பார்க்க முடியாதே.

முதலில் வந்தவரை அழைத்து வந்தது என் மதினி. என் வீட்டுக்காரரின் அக்காள். புருஷன் போன பிறகு எங்களோடு இருந்தவர். தம்பிமேல் உயிரையே வைத்திருந்தார். அவர் கூட்டி வந்தவர் கொழும்பிலிருந்து வருவதாகச் சொன்னார். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து வண்டி வைத்து வந்திருந்தார். கறுப்புக் கோட்டு, தொப்பி, தோல்பெட்டி. பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் பொதிந்த புட்டிகள்.

"நூத்துக்கு நூறும்மா. இதைச் சாப்பிட்டவங்க சாராய வாசனை பட்டாலே மூக்கைப் பிடிச்சிக்கிட்டு ஓடுவாங்க."

"யாருக்காச்சும் கேட்காமப் போயிருக்கா?" என்றேன்.

"இதுவரைக்கும் ஒருத்தருக்கும் இல்ல."

"உள்ள என்ன இருக்கு?"

"அது தொழில் ரகசியம்."

"அவர்கிட்ட என்னன்னு சொல்லிக் குடுக்கிறது?"

அந்த மனிதர் பதறிப் போனார். "ஐயையோ, அவருக்குத் தெரியவே கூடாது! ரசத்துல கலந்து குடுத்துடணும். தெரிஞ்சா பலிக்காது."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்கள் ஆட்கள் பேச்சில் மருந்து கொடுப்பது வேறு, மருந்து வைப்பது வேறு. கொடுப்பது வைத்தியம். வைப்பது என்பது, ஒருவருக்குத் தெரியாமல் சோற்றிலோ வெற்றிலையிலோ எதையோ கலந்து அவர் புத்தியைத் தன் பக்கம் திருப்புவது. ஒரு பெண்பிள்ளைக்கு 'மருந்து வைத்தவள்' என்று பேர் வந்துவிட்டால், பிறகு அவள் கையால் ஒருவரும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். இந்தக் கோட்டுக்காரர் அந்த வேலையைத்தான் புட்டியில் அடைத்துக் கொண்டு வந்திருக்கிறார். "எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மதினி வாசல்வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தார். வழியனுப்புவதற்கு அவ்வளவு நேரம் ஏன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவதை என் வீட்டுக்காரரே தேர்ந்தெடுத்தார். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கங்காணி, எங்கள் கடையில் வாடிக்கையாகக் கம்பளி எடுக்கிறவர், அங்கே ரோதைமுனி கோயிலில் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொண்டால் குடி விட்டுப்போகும் என்று சொல்லியிருந்தார். ரோதை என்பது தேயிலை அரைக்கிற ஆலையில், நாங்கள் ஸ்டோர் என்போம், அங்கே சுற்றுகிற பெரிய சக்கரம். அந்தச் சக்கரத்தில் கை கால் அகப்படாமல் காக்கிறவர் ரோதைமுனி. "சக்கரத்தையே பிடிச்சு நிறுத்துற சாமி, என்னை நிறுத்தாதா?" என்று அவர் கேட்டபோது, அவர் குரலில் இருந்த ஆசையைப் பார்த்து நான் மறுபேச்சுப் பேசவில்லை.

பொழுது விடிகிற நேரத்தில் வண்டி கட்டி, மலை ஏறி, பாதை முடிந்த இடத்திலிருந்து நடந்து போனோம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு மேலே ஒரு மரத்தடி. கல்லும் சூலமும் திருநீறும். பூசாரி வயதான மனிதர், ஸ்டோரில் வேலை செய்து ஓய்ந்தவர். நல்ல மனுஷன். அவர் தொட்டுப் பேசிய விதத்திலேயே என் வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மனசுல இருக்கறத சாமிகிட்ட சொல்லுங்க முதலாளி. நம்ம சாமிதான்."

இவரும் சொன்னார். வாய்விட்டு, பிள்ளைகள் மேல் ஆணையாக இனித் தொடமாட்டேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். பூசாரி மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டினார். எனக்கும் உடல் சிலிர்த்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அதன்பிறகு படையல். கோழி, சுருட்டு, பொரிகடலை. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு போத்தல் சாராயம். முனிக்குச் சாராயம் இல்லாமல் படையல் ஏது? பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறோம், ஆனால் எங்கள் இருவருக்கும், அழைத்து வந்த கங்காணிக்கும், குடியை நிறுத்துவதற்கு அந்தச் சாமியிடம் போகிறோமே என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. பூசாரி போத்தலைச் சாமிக்குக் காட்டி, தரையில் கொஞ்சம் ஊற்றி, மிச்சத்தைத் தீர்த்தமாக எல்லோர் கையிலும் ஊற்றிக்கொண்டே வந்தார். கடைசியில் பூசாரி என் வீட்டுக்காரருக்கு முன்னால் வந்து நின்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் பூசாரியைப் பார்த்தேன்.

"ஐயா, இவரு இப்பத்தானே சத்தியம் பண்ணாரு?" என்றேன்.

"இது சாராயம் இல்லம்மா, சாமி குடிச்ச மிச்சம். தீர்த்தம். வேணாங்கக் கூடாது" என்று பூசாரி, உள்ளபடியே கவலைப்பட்டுச் சொன்னார்.

அவர் குடித்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்தியோடு குடித்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தேயிலைச் செடிக்குள் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துத் தீர்த்தேன், சிரித்து முடித்தபின் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். திரும்புகிற வழியில் பசறைத் தவறணை வாசலில் அவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். "இதுவும் தீர்த்தமா?" என்றேன். கயிறு கட்டிய கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டே இறங்கிப் போனார். அதைப் பார்த்தபிறகு அவரைத் திட்ட எனக்கு நாக்கு எழவில்லை.

அதற்கடுத்த சில நாட்களில் ஓர் அதிசயம் நடந்தது. அவர் தூங்க ஆரம்பித்தார். காலையில் எழுப்பினால் எழுந்து, கடையில் உட்கார்ந்து, துணிக்கட்டில் சாய்ந்து மறுபடி தூங்கினார். தவறணைக்குப் போவதும் குறைந்தது. சாமி கைவிடவில்லை என்று வீதியில் பேசிக்கொண்டார்கள். நானும் கும்பிடு போட்டேன். மதினி மட்டும் வாயைத் திறக்காமல், வழக்கமில்லாத வழக்கமாக, தம்பிக்கு ரசத்தைத் தானே ஊற்றிப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் ரசம் கசக்கிறது என்று கையைத் தட்டில் உதறினார். உதறிவிட்டு எழுந்து நேராக அடுப்படிக்குப் போனவர், பானை சட்டியெல்லாம் துழாவி, புளிப்பானைக்குப் பின்னாலிருந்து அந்தக் கோட்டுக்காரரின் புட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். அடுப்படி என் அடுப்படி. சமைத்தது நான். என்னைத் தவிர வேறு யாரை நினைப்பார்?

"எனக்கே மருந்து வச்சிட்டியா?"

அந்தக் குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கத்தவில்லை. பயந்துபோய்க் கேட்டார். மதினி அழுதுகொண்டே காலில் விழாத குறையாக, "நான்தான் தம்பி, நான்தான் ஊத்துனேன், உன்னைக் காப்பாத்தத்தான்" என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சொல் வெளியே வந்துவிட்டது. யார் ஊற்றினால் என்ன, இந்த வீட்டில் மருந்து வைத்திருக்கிறார்கள் என்பது அவர் வயிற்றுக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் வீட்டில் கை நனைக்கவில்லை. நான் ஊற்றிக் கொடுத்த தண்ணீரை என் கண்முன்னாலேயே வாழைக்கு ஊற்றினார். வெளியில் கிடைத்ததைத் தின்றார். தவறணைப் போத்தலில் மட்டும் யாரும் எதையும் கலக்கமாட்டார்கள் என்று நம்பி அங்கேயே கிடந்தார். புட்டி மருந்து நின்ற சில நாளில் வியர்த்துக் கொட்டி, எலும்பெல்லாம் குடைகிறது என்று துடித்தார். அது என்ன என்று எங்களுக்குப் புரியவில்லை. முகம் மஞ்சள் பூத்துவிட்டது. ஆஸ்பத்திரி டொக்டர் சொன்ன வார்த்தை என் தலைக்குள் மணியடித்துக்கொண்டே இருந்தது.

மதினியோடு நான் பேசவில்லை. பேசினால் என்ன பேசுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவர்களைத்தான் அந்தக் கோட்டுக்காரர்கள் வீடு வீடாகத் தேடிப் போகிறார்கள் என்று நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

மூன்றாவது ஆளைப் பற்றி ஒருவரும் புகழ்ந்து சொல்லவில்லை, அதனால்தான் அவர் எங்களுக்குக் கடைசியாகக் கிடைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கேயோ சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் அப்போத்திக்கரியாக, அதாவது டொக்டருக்கு அடுத்தபடி மருந்து கொடுக்கிறவராக இருந்து ஓய்வு எடுத்துக்கொண்டு, ஹாலிஎலை போகிற பாதையில் தன் வீட்டிலேயே சிறிய டிஸ்பென்சரி வைத்திருந்தார். குடிகாரர்களையும் பார்ப்பார், ஆனால் முசுடு என்றார்கள். நான் தனியாகப் போனேன். புட்டியையும் முந்தானையில் சுற்றிக் கொண்டு போனேன்.

என் கதை முழுவதையும் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "ஆர் அம்மா குடிக்கிறது, நீங்களோ?" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என் வீட்டுக்காரருங்க!"

"அப்ப அவர் வரட்டும். அவரின்ரை வருத்தத்தை அவரோடைதான் கதைக்கோணும். ஆளில்லாமல் நான் மருந்து குடுக்கிறேல்லை."

"வந்தா குணப்படுத்திடுவீங்களா?"

"சொல்லேலாது."

"இதுக்கு முந்தி யாரையாச்சும் குணப்படுத்தி இருக்கீங்களா?"

"கொஞ்சப் பேர் விட்டவை. கன பேர் திரும்பவும் குடிச்சவை. ரெண்டொருத்தர் செத்தும் போச்சினம்." மனுஷன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. புட்டியை வாங்கித் திறந்து மோந்து பார்த்தவர், அதை மட்டும் கோபத்தோடு மேசையில் வைத்தார். "இது அபினம்மா. சாராயப் பழக்கத்துக்கு மேலை இன்னொரு பழக்கம் ஏத்தப் பார்த்திருக்கினம். நிப்பாட்டினது நல்லது."

அபின். என் வீட்டுக்காரர் தூங்கியதும் பின்னால் துடித்ததும் அதனால்தான். சாமிக்குக் கும்பிடு போட்டதை நினைத்து எனக்கு வெட்கமாகிவிட்டது.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அந்த முசுடை வைதுகொண்டே வந்தேன். குணமாகும் என்று ஒரு வார்த்தை வாயில் வருகிறதா பார், செத்தவர்களைக் கணக்குச் சொல்கிறார், என்ன வைத்தியரோ என்று. கோபம் ஆறியதும் வேறொன்று தோன்றியது. நூற்றுக்கு நூறு என்றவர் கொண்டு வந்தது அபின். இவர் தன்னிடம் வந்து கெட்டவர்களை, நான் கேட்ட உடனே, மறைக்காமல் சொல்கிறார். பொய் சொல்லி என்னிடம் எதையும் விற்க இவருக்கு அவசரமில்லை. சாயம் போகிற துணிக்குச் சாயம் போகும் என்று சொல்லி விற்கிற கடைக்காரன் ஒருவன் இருந்தால், நான் அவனிடம்தான் மறுபடியும் போவேன். அவரிடமே போவது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்துவிட்டேனே தவிர, என் கையால் தண்ணீர் வாங்காத மனிதரை என் பேச்சைக் கேட்டு வைத்தியரிடம் வரவைப்பது எப்படி? தவறணைக்குப் போகும் முன், விடிகாலையில் பிடித்து, ஒளிவு மறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். புட்டியில் இருந்தது அபின் என்று சொன்னேன். இந்த ஆள் குணமாக்குவேன் என்று சொல்லவில்லை, செத்தவர்களும் உண்டாம் என்றும் சொன்னேன். "நீங்க வராம ஒண்ணும் குடுக்கமாட்டாராம். வர்றீங்களா, வரலையா, நீங்களே சொல்லுங்க. எனக்குத் தொண்டை வத்திப் போச்சு."

அவர், "எனக்குத் தெரியாம குடுக்கமாட்டாரா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார்.

அப்போத்திக்கரி அவரிடம் பேசினார், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எப்போது தொடங்கியது, காலையில் எவ்வளவு, கை நடுக்கம் எப்போது வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்டார். நான் இடையில் புகுந்து பதில் சொன்னபோதெல்லாம், "அவர் சொல்லட்டும்" என்று வெட்டினார். எனக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் என் வீட்டுக்காரர், "மருந்துன்னாலே எனக்குப் பயமா இருக்குங்க" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"அப்ப நீங்களே ஊத்திக் குடியுங்கோ. வேறை ஒருத்தரும் உங்களுக்கு ஊத்தித் தரப்படாது. போத்தலிலை என்ன கிடக்கெண்டு நான் சொல்லுறன், விளங்காட்டி திரும்பக் கேளுங்கோ."

அங்கே பின்கட்டு அறையில் ஒரு கட்டில் இருந்தது. சில நாள் தங்கவேண்டும் என்றார். முதல்நாள் காலையில் அப்போத்திக்கரி அலமாரியிலிருந்து எடுத்து வைத்தது சாராயப் போத்தல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இங்கயும் தீர்த்தமா?" என்று கத்தியே விட்டேன். அவர் முதல்தடவையாகச் சிரித்தார். ஒரேயடியாக நிறுத்தினால் இந்த உடம்புக்கு இழுப்பு வரும், ஜன்னி கண்டு சாகவும் கூடும், அதனால் அளந்து, குறைத்துக்கொண்டே வந்து விடவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் விளக்கினார். பூசாரி கொடுத்ததும் இதே சாராயம்தான். இங்கே மட்டும் ஏன் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் என் வீட்டுக்காரர் தானே ஊற்றினார், பாதி கீழே சிந்தியது, சிந்தியதைக் கூட்டி ஊற்ற அப்போத்திக்கரி விடவில்லை.

அந்த நாட்கள் லேசாகப் போகவில்லை. சுவரில் பல்லி கூட்டமாக ஊர்கிறது என்று அலறினார். என்னைத் தன் செத்துப்போன தாயார் என்று நினைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஒரு சாயங்காலம் நாடி விழுந்துவிட்டது. அப்போத்திக்கரி மற்ற நோயாளிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "பிழைப்பாருங்களா?" என்று கேட்டேன். "தெரியாதம்மா. ஆனா நான் இங்கைதான் இருப்பன்" என்றார். அந்த இடத்தில் அவர் பிழைப்பார் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். இருப்பேன் என்று சொன்னதை நம்பினேன். இருந்தார்.

சாப்பாடுதான் பெரும்பாடு. பின்வாசலில் கல் கூட்டிக் கஞ்சி வைத்தேன். உட்காரத் தெம்பு வந்த அன்றே அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் அரிசி களைவதையும் உப்புப் போடுவதையும் கண் கொட்டாமல் பார்த்தார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அடுப்பு எந்தப் பக்கம் எரிகிறது என்று தெரியாத மனிதர். எனக்கு முதலில் நெஞ்சில் குத்தியது. பிறகு, பார்க்கட்டும் என்று பானையை அவர் பக்கமே நகர்த்தி வைத்தேன். உப்பை அவர் கையிலேயே கொடுத்தேன். போட்டார், அள்ளிப் போட்டார். அன்றைய கஞ்சியை வாயில் வைக்க முடியவில்லை. "மருந்து வச்சிருந்தாக்கூட இவ்வளவு கேவலமா இருக்காது" என்றேன். அவர் சிரித்துவிட்டு, அந்த உப்புக் கஞ்சியை என் கையிலிருந்து வாங்கிக் குடித்தார். நான் எழுந்து போய், விறகு எடுக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது, "குணமாயிடுச்சுன்னு சொல்லலாங்களா?" என்று கேட்டேன். கடைசி வரைக்கும் அந்த மனுஷன் வாயிலிருந்து அந்த வார்த்தையை வாங்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. "இண்டைக்குக் குடிக்கேல்லை எண்டு சொல்லலாம். மனம் அலையேக்கை என்னட்டை வாங்கோ, குடிச்சிட்டு வந்தாலும் வாங்கோ" என்று என்னிடம் அல்ல, அவரிடம் சொன்னார்.

சாராயம் இல்லாமல் கை நிற்கத் தொடங்கியது. முகம் தெளிந்தது. மதினி அடுப்படிப் பக்கமே வராமல் ஒதுங்கி இருந்தவர், தம்பியே கூப்பிட்டு ரசம் வைக்கச் சொன்ன பிறகு வந்தார். நான் மட்டும் நிம்மதியாக இல்லை. அவர் வெளியே போய் வந்தால் பக்கத்தில் போய் மோப்பம் பிடிப்பேன். அவருக்கும் அது தெரியும்.

அப்படி இருக்கும்போது அவருடைய சிநேகிதர் ஒருவர் செத்துப்போனார். இவரோடு தவறணையில் ஒன்றாக உட்கார்ந்தவர், அதே ஈரல் வியாதி. ஊரின் மறுகோடியில் அடக்கம். போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை, போங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. போனார். மத்தியானம் தாண்டியது. கடை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். அடக்கத்துக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி, தலை துவட்டாத ஈரத்தோடு தவறணைக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். எப்போதும் அப்படித்தான், பிணம் போட்டுவிட்டு வந்தால் நேராக அங்கேதான். இவரை மட்டும் காணவில்லை, முதல் ஆளாக உள்ளே போயிருப்பார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கடையை மதினியிடம் விட்டுவிட்டுப் பட்டப்பகலில் தவறணைக்குள் நுழைந்தேன். கடைவீதியில் ஒரு குடும்பப் பெண் செய்கிற காரியமா அது? உள்ளே இருந்த ஆண்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பலகைக்குப் பின்னால் நின்ற சிங்கள முதலாளி, "மாத்தியா வரல்ல அம்மா, மிச்சம் நாளா வாறதே இல்ல" என்று, ஐயா என்பதற்குத் தங்கள் பாஷையில் மாத்தியா போட்டு, மரியாதையாகச் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. இங்கே இல்லையென்றால் வேறு எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று பாதையோரக் கால்வாயெல்லாம் பார்த்துக்கொண்டே ஓடினேன். கொண்டை அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் ஹாலிஎலைப் பாதையில் ஓடினேன், அப்போத்திக்கரியைக் கூட்டிக்கொண்டு தேடலாம் என்று.

டிஸ்பென்சரி விறாந்தையில், காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கும் கையில் கட்டுப் போட்ட ஒருவருக்கும் நடுவில், பெஞ்சியில் அவர் உட்கார்ந்திருந்தார். ஈர வேட்டி. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார், நடுங்காமல் இருக்க.

"இங்க என்ன பண்றீங்க?" என்று கத்தினேன்.

"வரிசையில உக்காந்திருக்கேன்."

"வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா? நான் செத்துப் பிழைச்சேன்!"

"வீட்டுக்கு வந்தா வழியில அது இருக்கு. இன்னிக்கு அதைத் தாண்டி வர என்னால முடியாது. அதான் நேரா இங்க வந்துட்டேன்."

நான் குனிந்து மோந்து பார்க்கவில்லை. உள்ளேயிருந்து, "அடுத்தது ஆர்?" என்று அப்போத்திக்கரி குரல் கேட்டது. அவர் எழுந்தார். நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே கிளம்பினேன், எங்கே போனாலும் அவருக்காகப் பேசிப் பழகிய வாய் அல்லவா.

அவர் வாசற்படியில் நின்று திரும்பினார். "நீ இங்கயே இரு. நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

கதவு சாத்திக்கொண்டது. நான் அவர் எழுந்த இடத்தில், அந்தத் தோட்டத்துப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாராவது என்னை வெளியே இருக்கச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. அன்றைக்கு அவர் சொன்னபோது மட்டும், இன்னும் நேரமானாலும் ஆகட்டும், எல்லாவற்றையும் அவரே சொல்லி முடிக்கட்டும் என்று உட்கார்ந்தே இருந்தேன்.